ஒன்பதின் மேல் ஒட்டிய தாள்

கண்ணாடிக் கதவில் 'இரவு ஒன்பது வரை' என்று இருந்த இடத்தில்
தை மாசம் ஒரு தாள் ஒட்டினார்கள்:
'இரவு பன்னிரண்டரை வரை.'
உள்விளக்கு எரியும்போது
தாளுக்கு அடியில் ஒன்பது இன்னும் தெரியும்.

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
கடைசி பஸ் போன பிறகும்
இத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்று
எனக்குத் தெரியாது.
என் சட்டையில் குத்தியிருக்கும் பெயர் ஷைனி.
ஷைனி குவைத்துக்குப் போய்விட்டாள்.
புதுப் பட்டை வரும்வரை நான்தான் ஷைனி.

பத்தரைக்கு ஆஸ்பத்திரி ஷிப்ட் முடிந்த பெண்கள்,
கைகழுவும் மருந்தின் வாசனையோடு
அவலும் மட்டிப்பழமும் எடுப்பார்கள்.
பதினொன்றுக்கு ஒரு தம்பதி.
பேசிக்கொள்ள மாட்டார்கள்.
அவர் கூடையில் வைக்கிற மிக்ஸரை
அவள் எடுத்து அலமாரியில் திருப்பி வைப்பாள்.
பில் போடும்போது மிக்ஸர் இருக்கும்.
எப்படி என்று இதுவரை நான் கண்டுபிடிக்கவில்லை.
ஏசிக்காக மட்டும் ஒருவர் வருவார்,
தேங்காய் எண்ணெய் விலைகளை வாய்விட்டு வாசித்துவிட்டு
ஒரு தீப்பெட்டி வாங்குவார்.

மேசைக்குப் பின்னால், எங்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி:
'வேலை நேரத்தில் ஊழியர்கள் பொருள் வாங்கக் கூடாது.'
முன்பு ஒன்பதுக்கு அடைத்ததும்
எதிர்க்கடை திறந்திருக்கும்.
இப்போது நான் வெளியே வரும்போது
ஊரில் ஒரு தீக்குச்சி விலைக்குக் கிடையாது.
பகலில் வாங்கலாமே என்பார்கள்.
பகலில் நான் தூங்குகிறேன்.
மாமியார் அதைத் தெருவுக்கே தெரிவித்துவிட்டார்.

நாலு நாள் வீட்டில் உப்பு இல்லை.
அந்த நாலு நாளில் நான் பில் போட்ட உப்பு
முப்பத்தெட்டு பாக்கெட்.

அஞ்சாம் நாள் ததேயுஸிடம் கேட்டேன்.
தேங்காப்பட்டணம் துறைமுகத்துக்கு
ஐஸ் கொண்டுபோகிற லாரி அவருடையது.
பன்னிரண்டுக்கு வருவார்,
சட்டையின் குளிர் மேசை வரை வரும்.
ஒரு ரஸ்க், ஒரு தண்ணீர் பாட்டில்.
ரஸ்க்குக்கு அடியில் ரூபாயைத் தள்ளினேன்.
"ஒரு உப்பு."
மேலே கேமராவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
"கல்லா, பொடியா?"
"கல்லு."

அன்று முதல் என் வீட்டுப் பலசரக்கு
அவர் பெயரில் நடந்தது.
நல்லமிளகு, புளி, மகளுக்கு ஸ்கேல்.
ஒரு தடவை நாப்கின்.
அதை மட்டும் ரஸ்க் பாக்கெட்டுக்குப் பின்னால்
மறைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார்.
பையைக் காவல்காரர் எர்வின் அண்ணனின் நாற்காலியில்
தொங்கவிட்டுப் போவார்.
எர்வின் அண்ணன் அந்நேரம்
மேம்பாலத்தின் அடிப்பக்கத்தை ஆராய்ந்துகொண்டிருப்பார்.

தடைக்காலத்துக்கு ஒரு நாள் இருக்கும்போது
மேனேஜர் நகத்தால் தாளைச் சுரண்டினார்.
"ராத்திரி யாவாரம் கரண்டு பில்லுக்கே காணல்ல."
படகு இல்லை என்றால் ஐஸும் இல்லை,
லாரியும் இல்லை.

கடைசி ராத்திரி ததேயுஸ் போன் நம்பர் சொன்னார்.
திரையில் அறுபத்தொரு ரூபாய்க்குப் புள்ளிகள்.
"இதுல பாதி ஒனக்கதுல்லியா?"
மெஷினில் பாதிக்கு ஒரு பொத்தான் கிடையாது.
போய் ஒரு ஏத்தங்காய் சிப்ஸ் எடுத்து வந்தார்.
அறுபது ரூபாய்.
மிச்சம் ஒரு ரூபாயைக் கடை வைத்துக்கொண்டது.

ஷட்டர் இறங்கும்வரை காத்திருந்தார்.
மூன்று பேரும் லாரியோரம் நின்று தின்றோம்.
அடியில் ஐஸ் சொட்டி
ரோட்டில் ஒரு கோடு ஓடியது.
உப்பு குறைவு என்றார் எர்வின் அண்ணன்.
"எனக்க பேரு ஷைனி இல்ல" என்றேன்.
"அறியும்.
எல்லா பில்லுக்க அடியிலயும் உண்டே, றெஜிலா."

மறுநாள் ஒன்பதேகாலுக்கு
எதிர்க்கடையில் உப்பு கேட்டேன்.
எதுவும் கேட்காமல்
பொடியைத் தந்தார்கள்.